தான்சானியா தங்கச் சுரங்கத்தில் பங்கு: ஆலோசகர் எதற்கு, எப்போது?

கேள்வி சுருக்கமாக இது: தான்சானியாவில் கெய்ட்டா பக்கம் ஒரு தங்கச் சுரங்க உரிமத்தில் 30 சதவீதப் பங்கு தருவதாகக் குடும்ப நண்பர் மூலம் பேச்சு வந்திருக்கிறது. டன்னுக்கு 38 கிராம் தங்கம் என்று ஒரு லேப் சான்றிதழும், ஒரு கன்சல்டன்ட் எழுதிய ரிப்போர்ட்டும் அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் தனியாக ஒரு ஆலோசகரை வைக்க வேண்டுமா? அவர் என்னதான் செய்வார்? எப்படித் தேர்ந்தெடுப்பது?

வைக்க வேண்டும். ஆனால் இன்றைக்கே அல்ல. அவருக்கு ஒரு ரூபாய் கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் வீட்டில் உட்கார்ந்தே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. நான் மேற்கு ஆப்பிரிக்காவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் தங்கத் தேடலில் வேலை பார்த்தவன். என்னிடம் வந்த பேரங்களில் பல அந்தச் சோதனையிலேயே முடிந்துபோயின.

உரிம எண்ணைக் கேளுங்கள். நிறுவனத்தின் பெயரோ, புகைப்படமோ, மந்திரியோடு கைகுலுக்கும் படமோ வேண்டாம், எண் மட்டும் போதும். தான்சானியாவில் உரிமங்களைக் கொடுப்பது டோடோமாவில் இருக்கும் சுரங்க ஆணையம். எந்த உரிமம் யார் பெயரில், எந்த இடத்தில், எப்போது வரை என்பதெல்லாம் அவர்களுடைய பதிவேட்டில் இருக்கிறது. உரிம வரைபடத்தை இணையத்திலேயே பார்க்கலாம். கானா, ஜாம்பியா, உகாண்டா, கென்யா போன்ற நாடுகளுக்கும் இப்படி உரிம வரைபடம் உண்டு. எண் தரத் தயங்குகிறவரோடு பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எண் கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது உரிமத்தின் வகை. பெரும்பாலான ஏமாற்றமும், நல்லெண்ணத்தோடு நடக்கும் குழப்பமும் இங்கேதான். சிறு சுரங்கக்காரர்களுக்கென்று ‘முதன்மைச் சுரங்க உரிமம்’ என்று ஒன்று உண்டு. அது தான்சானியக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. உங்களுக்குக் காட்டப்பட்டது அந்த வகை என்றால், 30 சதவீதப் பங்கு என்று எழுதிக்கொடுக்கும் தாளுக்கு மதிப்பு மிகக் குறைவு. தொழில்நுட்ப உதவி ஒப்பந்தம் என்ற பெயரில் ஏதாவது செய்யலாம் என்பார்கள். அது வேறு கதை, அதை உள்ளூர் வழக்கறிஞர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டாவது வகை தேடல் உரிமம். அது தேடுவதற்கு மட்டும்தான், தோண்டி விற்பதற்கு அல்ல. மூன்றாவதுதான் முறையான சுரங்க உரிமம். அதில் 2017-இல் திருத்தப்பட்ட சட்டப்படி அரசுக்குக் குறைந்தது 16 சதவீதம் இலவசப் பங்கு போய்விடும். அது பணம் போடாத, மற்றவர் முதலீடு ஏறினாலும் கரையாத பங்கு. ஆக, விற்பவர் சொல்லும் 30 சதவீதம் எதில் 30 சதவீதம் என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கே முகம் மாறிவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கானாவிலும் கதை இதேதான்: சிறு சுரங்க உரிமம் கானாக்காரர்களுக்கு மட்டும், பெரிய சுரங்கங்களில் அரசுக்கு 10 சதவீதம். 2025-இல் அங்கே தங்க வாரியம் ஒன்றை அமைத்து, உள்ளூர் தங்கச் சந்தையில் வெளிநாட்டவர் நேரடியாக வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு யாரோ செய்ததைக் காட்டி “இப்படித்தான் எல்லோரும் செய்கிறார்கள்” என்று சொன்னால் நம்பாதீர்கள். ஆப்பிரிக்காவில் சுரங்கச் சட்டங்கள் கடந்த பத்து வருடங்களில் ரொம்பவே மாறிவிட்டன.

சரி, உரிமம் உண்மை என்று வைத்துக்கொள்வோம். இனி அந்த 38 கிராம்.

அந்தச் சான்றிதழ் போலி என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அதன் அடியில் சின்ன எழுத்தில் “எங்களிடம் கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே இந்த முடிவு பொருந்தும்” என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். லேப்புக்குத் தெரிந்தது அந்த ஒரு பை கல் மட்டும்தான். அந்தக் கல்லை எங்கே எடுத்தார்கள், எப்படிப் பொறுக்கினார்கள் என்பது அதற்குத் தெரியாது. கண்ணுக்குத் தங்கம் மின்னும் குவார்ட்ஸ் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துக் கொடுத்தால் 38 என்ன, 380-கூட வரும். ஒரு கூடை மாம்பழத்தில் நன்றாகப் பழுத்த ஒன்றை எடுத்துத் தந்துவிட்டு, தோப்பு முழுக்க இப்படித்தான் என்று சொல்வதைப் போன்றது இது.

தங்கத்தில் இன்னொரு தொல்லை, அது பாறையில் சீராகப் பரவி இருக்காது. ஒரு துணுக்கு இந்தப் பையில் விழுந்தால் பெரிய எண், பக்கத்துப் பையில் விழாவிட்டால் பூஜ்யம். வழக்கமான நெருப்புச் சோதனையில் லேப் எடுத்து உருக்குவது 30 அல்லது 50 கிராம் தூள் மட்டுமே. லட்சக்கணக்கான டன் பாறையைப் பற்றி அந்த ஒரு கரண்டித் தூள் பேச வேண்டும் என்றால், அதைப் போல ஆயிரக்கணக்கான மாதிரிகள் வேண்டும், அவை ஒழுங்கான இடைவெளியில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது.

கணக்கு எப்படிப் போடுவது என்று காட்டுகிறேன், நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு தங்கப் படிவம் 500 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 100 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை லட்சம் கன மீட்டர். அடர்த்தி 2.7 என்றால் 6,75,000 டன். டன்னுக்கு 2 கிராம் என்றால் 1,350 கிலோ தங்கம், ஏறக்குறைய 43,400 அவுன்ஸ். கேட்க நிறையத் தெரிகிறது. ஆனால் ஒரு முறையான ஆலை கட்டி, சாலை போட்டு, மின்சாரம் கொண்டுவந்து நடத்தும் சுரங்கத்துக்கு இது மிகச் சிறியது. டன்னுக்கு ஒன்றிரண்டு கிராம் உள்ள பாறையில் லாபம் பார்க்கும் பெரிய திறந்தவெளிச் சுரங்கங்கள் உலகில் நிறைய உண்டு. அங்கே லாபம் வருவது டன் கணக்கினால். ஆகவே விற்பவரிடம் “எத்தனை கிராம்” என்று கேட்பதைவிட “எத்தனை மீட்டர் நீளம், மாதிரி எடுக்கப் பாறையில் எத்தனை துளை போட்டீர்கள்” என்று கேளுங்கள். அந்த ரிப்போர்ட்டில் துளைகளின் பட்டியலே இல்லை என்றால், அது வெறும் விளம்பரத் தாள்.

இந்த இடத்தில்தான் ஆலோசகர் வருகிறார். பல பேர் அவரை ‘தங்கம் இருக்கிறது’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவர் என்று நினைக்கிறார்கள். நீங்கள் அவருக்குப் பணம் கொடுப்பது முக்கியமாக ‘வேண்டாம்’ என்று குறைந்த செலவில் கேட்பதற்குத்தான். கனிமத் தேடலில் கையில் எடுக்கும் இடங்களில் மிகப் பெரும்பாலானவை சுரங்கமாக மாறுவதே இல்லை. அது சாபமல்ல, இந்தத் தொழிலின் இயல்பு. எந்தக் கட்டத்தில் கைவிடுகிறோம் என்பதில்தான் பணம் தப்புகிறது.

முதல் கட்டமாக மேசை ஆய்வு மட்டும் செய்யச் சொல்லுங்கள். சில நாள் வேலை. அந்த உரிமம் எந்தப் பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பார். விக்டோரியா ஏரிக்குத் தெற்கே இருக்கும் பச்சைப்பாறைப் பட்டைகள் (தங்கம் கிடைக்கும் பழைய எரிமலைப் பாறை வரிசைகள்) 250 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழமையானவை. கெய்ட்டா, புல்யான்ஹுலு போன்ற பெரிய தங்கச் சுரங்கங்கள் எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. அந்தப் பட்டைக்கு வெளியே வெறும் கிரானைட் மேல் உரிமத்தைப் போட்டுவிட்டு “கெய்ட்டாவுக்குப் பக்கத்தில்” என்று விற்பார்கள். பக்கத்தில்தான், பொய்யில்லை. திருச்செந்தூருக்குப் பக்கத்தில் நிலம் வாங்கினால் எல்லாமே கடற்கரை நிலம் ஆகிவிடுமா? தான்சானிய நிலவியல் ஆய்வு நிறுவனமும் டோடோமாவில்தான் இருக்கிறது. பழைய வரைபடங்களையும் தரவுகளையும் அங்கே வாங்கலாம். நல்ல ஆலோசகர் அதிலிருந்துதான் ஆரம்பிப்பார்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் என்னை ஒருமுறை நன்றாகக் கடித்தது. கிழக்கு ஆப்பிரிக்காவின் பழைய வரைபடங்கள் ‘ஆர்க் 1960’ என்ற அளவை அடிப்படையில் வரைந்தவை. நம் கையில் இருக்கும் ஜிபிஎஸ் காட்டுவது ‘டபிள்யூஜிஎஸ் 84’. இரண்டுக்கும் அங்கே ஏறக்குறைய 300 மீட்டர் வித்தியாசம். ஒரு வாடிக்கையாளருக்காகப் போன இடத்தில், பெருமையாகக் காட்டப்பட்ட மூன்று குழிகளும் பக்கத்து உரிமத்துக்குள் இருந்தன. விற்றவர் ஏமாற்றவில்லை, அவருக்கே தெரியாது. நானும் அன்று மதியம் வரை தெரியாமல் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் குழி ஓரத்தில் உட்கார்ந்து அசடு வழிந்தோம்.

மேசை ஆய்வு தேறினால் அடுத்தது களப் பயணம். ஒரு வாரம் போதும். இதில் அவர் செய்ய வேண்டிய முதல் வேலை, விற்பவர் காட்டும் இடத்தைத் தவிர மற்ற இடங்களிலும் நடப்பது. சிறு சுரங்கக்காரர்களின் குழிகள்தான் அங்கே சிறந்த பாடப்புத்தகம். குழிகள் ஒரே கோட்டில் வரிசையாகப் போகின்றனவா, அங்கங்கே சிதறிக் கிடக்கின்றனவா? எவ்வளவு ஆழத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்? ஏன் நிறுத்தினார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் அநேகமாக “தண்ணீர் வந்துவிட்டது, கல் கடினமாகிவிட்டது” என்று வரும். அதற்குள் ஒரு முக்கியமான செய்தி ஒளிந்திருக்கிறது. மேலே சிதைந்து மென்மையான மண்ணில் தங்கம் தனியாக இருக்கும், பாதரசத்தில் ஒட்டிக்கொண்டு சுலபமாக வரும். நீர்மட்டத்துக்குக் கீழே புதிய பாறையில் அது கந்தகக் கனிமங்களோடு பிணைந்திருக்கலாம். அப்போது எளிய ஆலையில் பாதித் தங்கம் கழிவோடு போய்விடும். ஆகவே “தங்கம் எவ்வளவு” என்பதோடு “எவ்வளவு பிரித்தெடுக்க முடியும்” என்பதையும் ஆரம்பத்திலேயே சோதிக்கச் சொல்லுங்கள். பலர் இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள்.

மாதிரி எடுப்பதில் கறாராக இருக்க வேண்டும். அவரே எடுக்க வேண்டும், அவரே பையைக் கட்டி எண்ணிட்ட முத்திரை போட வேண்டும், அவர் கண் பார்வையிலேயே அது லேப்புக்குப் போய்ச் சேர வேண்டும். இரவு விற்பவரின் கொட்டகையில் வைத்துவிட்டுத் தூங்கக் கூடாது. இடையிடையே தங்கமே இல்லாத வெற்றுக் கல்லையும், தங்க அளவு முன்பே தெரிந்த சான்றுத் தூளையும், ஒரே மாதிரியின் இரட்டையையும் எண் மாற்றிச் சேர்த்து அனுப்புவார்கள். வெற்றுக் கல்லில் தங்கம் வந்தால் எங்கோ கலப்படம் அல்லது அழுக்கு என்று அர்த்தம்.

இவ்வளவு சந்தேகம் எதற்கு என்று தோன்றும். பிரி-எக்ஸ் என்ற கனடா நிறுவனத்தின் கதைதான் காரணம். ஆப்பிரிக்கா இல்லை, இந்தோனேசியாவின் பூசாங். 1997 பிப்ரவரியில் அந்த நிறுவனம் அங்கே 7 கோடி அவுன்ஸுக்கு மேல் தங்கம் என்று அறிவித்தது. வழக்கமாகத் துளைபோட்டு எடுக்கும் பாறைத் தண்டை நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதியை லேப்புக்கு அனுப்பி, மறுபாதியைப் பெட்டியில் பாதுகாப்பார்கள். பிரி-எக்ஸ் முழுத் தண்டையும் நொறுக்கியது. பிறகு யாரும் சரிபார்க்க எதுவும் மிச்சமில்லை. பங்குதாரராக வந்த ஃப்ரீபோர்ட் நிறுவனம் அதே துளைகளுக்குப் பக்கத்தில் துளை போட்டபோது தங்கத்தைக் காணோம். கடைசியில் ஸ்ட்ராத்கோனா என்ற ஒரு ஆலோசனை நிறுவனம் போய்ச் சோதித்து, மாதிரிகளில் தங்கம் கலக்கப்பட்டிருந்தது என்று 1997 மே மாதம் சொன்னது. பல நூறு கோடி டாலர் காற்றில் போனது. அதன் பின், கனிம அறிக்கைகளை எப்படி எழுத வேண்டும் என்று 2001-இல் கனடா கொண்டுவந்த விதித்தொகுப்பைத்தான் ‘43-101’ என்று சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ‘ஜோர்க்’, தென்னாப்பிரிக்காவின் ‘சாம்ரெக்’ ஆகியவையும் இதே குடும்பம்.

உங்களுக்கு வந்த ரிப்போர்ட்டின் அட்டையில் இந்தப் பெயர்களில் ஒன்று இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். அட்டையைப் பார்க்காதீர்கள், கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். தகுதி பெற்ற நபர் ஒருவர் தன் பெயர், தன் தொழில்முறைச் சங்க உறுப்பினர் எண், களத்துக்குப் போன தேதி ஆகியவற்றோடு கையெழுத்திட்ட சான்றிதழ் இருக்க வேண்டும். அந்தச் சங்கத்தின் இணையதளத்தில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். பிறகு அவருக்கே எழுதி “இது நீங்கள் எழுதியதுதானா” என்று கேளுங்கள். நான் ஒருமுறை கேட்டபோது, அவர் எழுதியது வேறு நாட்டிலுள்ள வேறு இடத்தைப் பற்றி என்று தெரிந்தது. அட்டையும் வரைபடமும் மட்டும் மாற்றப்பட்டிருந்தன.

இதெல்லாம் தேறினால்தான் பெரிய செலவு: மண் மாதிரி, பள்ளம் வெட்டுதல், துளையிடுதல். மண் மாதிரி எடுக்கும்போது கறையான் புற்றிலும் எடுப்பார்கள். கறையான் ஆழத்திலிருந்து மண்ணை மேலே கொண்டுவருவதால், மேற்பரப்பு மணல் மறைத்ததை அது காட்டிக்கொடுக்கும். போட்ஸ்வானாவில் கலஹாரி மணலுக்கு அடியில் இருந்த ஜ்வானெங் வைரப் படிவத்தைக் (குழாய் வடிவ எரிமலைப் பாறை) கண்டுபிடிக்கக் கறையான் மேலே கொண்டுவந்த கனிமத் துகள்கள் உதவின என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. உலகின் பணக்கார வைரச் சுரங்கங்களில் ஒன்று அது, நன்றியைப் பூச்சிக்குச் சொல்ல வேண்டும்.

துளையிட்டபின் கிடைப்பதை ‘ஊகிக்கப்பட்டது’, ‘சுட்டப்பட்டது’, ‘அளக்கப்பட்டது’ என்று நம்பகம் ஏறும் வரிசையில் மூன்று படியாகப் பிரிப்பார்கள். ஊகிக்கப்பட்டதை மட்டும் வைத்துச் சுரங்கம் கட்டக் கடன் வாங்க முடியாது. அதற்கப்புறம் வரும் சாத்தியக்கூறு அறிக்கைகள் உங்கள் கட்டத்துக்கு வெகு தூரம், இப்போது விட்டுவிடலாம்.

பாறை நன்றாக இருந்தும் அரசியலில் கவிழ்ந்த உதாரணம் இதே நாட்டில் இருக்கிறது. புல்யான்ஹுலுவில் தங்கம் செம்போடு சேர்ந்த செறிவூட்டிய தாதுவாக வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2017 மார்ச்சில் அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. சில மாதத்தில் அந்தச் சுரங்கத்தை நடத்திய அக்கேசியா நிறுவனத்துக்கு வரி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து 19,000 கோடி டாலர் பாக்கி என்று நோட்டீஸ் வந்தது. கடைசியில் தாய் நிறுவனமான பேரிக் 30 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு, அரசுக்கு 16 சதவீதத்தோடு ‘ட்விகா’ என்ற கூட்டு நிறுவனம் அமைத்தது. இன்னொன்று, தெற்கே என்டாகா ஹில் நிக்கல் திட்டம். அது ‘தக்கவைப்பு உரிமம்’ என்ற வகையில் இருந்தது; 2018-இல் அரசு அந்த வகை உரிமங்களையே ரத்து செய்தது. முதலீட்டாளர்கள் சர்வதேசத் தீர்ப்பாயத்துக்குப் போய் 2023-இல் வென்றார்கள். அவர்களுக்கு வழக்கு நடத்த வசதி இருந்தது. உங்களுக்கு இருக்காது. ஆகவே நிலவியல் ஆலோசகரோடு டார் எஸ் சலாமில் ஒரு சுரங்க வழக்கறிஞரும் கட்டாயம். ஒருவர் வேலையை இன்னொருவர் செய்ய முடியாது.

நிலத்துக்கு அடியில் உள்ளதற்கான உரிமம் வேறு, மேலே விவசாயம் செய்கிறவரின் உரிமை வேறு என்பதையும் மறக்கக் கூடாது. அங்கே மக்காச்சோளமும் மரவள்ளியும் போட்டிருப்பவருக்கு இழப்பீடு தராமல் ஒரு பள்ளம்கூட வெட்ட முடியாது. வெட்டவும் கூடாது. சுற்றுச்சூழல் தாக்க ஆய்வை அந்நாட்டுச் சுற்றுச்சூழல் மன்றத்தில் பதிவு பெற்றவர்தான் செய்ய வேண்டும். எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று லண்டனிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஒருவர் சொன்னால், அவருக்கு அந்த நாடு தெரியவில்லை.

ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? இந்தத் தொழிலில் பெரிய பெயர்கள் உண்டு. 1974-இல் ஜோகன்னஸ்பர்க்கில் தொடங்கிய எஸ்ஆர்கே ஒன்று. வங்கிக்கோ பங்குச்சந்தைக்கோ போவதாக இருந்தால் அப்படிப்பட்ட பெயர் தேவை. உங்கள் கட்டத்துக்கு அது கொசு அடிக்கப் பீரங்கி. அனுபவமுள்ள தனி ஜியாலஜிஸ்ட் ஒருவர் போதும். ஆனால் அவருக்கு இந்த வகைத் தங்கப் படிவத்தில் குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவம் வேண்டும், விதித்தொகுப்புகள் கேட்பதும் அதைத்தான். நிலக்கரியில் முப்பது ஆண்டு இருந்தவர் கெட்டிக்காரராக இருக்கலாம், இங்கே உதவ மாட்டார். “கடைசியாக எந்தத் திட்டத்தை வேண்டாம் என்று சொன்னீர்கள், ஏன்?” என்று கேட்டுப்பாருங்கள். உடனே மூன்று கதை சொன்னால் நல்ல ஆள்.

கூலியை நாள் கணக்கில் பேசுங்கள். பயணம், லேப், கார் எல்லாம் தனித்தனியாக எழுத்தில் இருக்கட்டும். பேரம் முடிந்தால் கமிஷன், திட்டத்தில் சிறு பங்கு என்று எதையும் அவருக்குத் தராதீர்கள், தானாகக் கேட்டாலும் தராதீர்கள். விற்பவர் சிபாரிசு செய்யும் ஆலோசகரும், விற்பவர் அனுப்பும் காரும் வேண்டாம். கார் வரைக்கும் சொல்வது அதிகமாகத் தோன்றலாம். ஆனால் டிரைவர் எங்கே நிறுத்துகிறாரோ அங்கேதான் நீங்கள் இறங்குவீர்கள். அப்புறம், உங்கள் குடும்ப நண்பருக்கு இதில் தரகு இருக்கிறதா என்பதையும் வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள். இருந்தால் தப்பில்லை, தெரிந்திருக்க வேண்டும்.

களப் பயணத்துக்கு முன்பணம், ‘இடத்தைப் பிடித்துவைக்க’ டெபாசிட் என்று கேட்டால் கொடுக்க வேண்டாம். பணம் வெளியே போக வேண்டிய வரிசை இது: முதலில் வழக்கறிஞருக்கும் மேசை ஆய்வுக்கும், பிறகு களத்துக்கும் லேப்புக்கும். அதன் பிறகும் விற்பவருக்கு மொத்தமாக அல்ல. துளைபோட நீங்கள் செலவழிக்கச் செலவழிக்கப் பங்கு உங்கள் பெயருக்கு ஏறும் மாதிரி ஒப்பந்தம் போடலாம். தேடல் உரிமங்களில் இது சாதாரண வழக்கம். உண்மையான உரிமக்காரர் பலர் இதற்கு ஒப்புக்கொள்வார்கள், ஏனென்றால் துளைபோட அவர்களிடம் பணம் இல்லாததால்தான் உங்களைத் தேடி வந்திருக்கிறார்கள்.

பயணத்தைப் போடும்போது பருவத்தைப் பாருங்கள். அந்தப் பக்கம் மார்ச்சிலிருந்து மே வரை நீண்ட மழை. மண் சாலையில் வண்டி மாட்டிக்கொள்ளும், குழிகளில் தண்ணீர் நிற்கும், புல் ஆளுயரம் வளர்ந்து பாறை வெளித்தெரியாது. ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் போகச் சொல்லுங்கள். அதுவரை இரண்டு மூன்று மாதம் இருந்தால், உரிம எண் சோதனைக்கும் மேசை ஆய்வுக்கும் அது தாராளம்.